தூரம் காட்டும் குரோனோகிராஃப் கைக்கடிகாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் கட்டும் கடிகாரம் எப்படித் தூரத்தை அளக்கும்?

குரோனோகிராஃப் என்பது, வேண்டும்போது ஓடவிட்டு நிறுத்தக்கூடிய தனி விநாடி முள் கொண்ட கடிகாரம். உண்மையில் அது தூரத்தை அளப்பதில்லை. எல்லாக் கடிகாரங்களையும் போல அதுவும் காலத்தைத்தான் அளக்கிறது. அளந்த காலத்தைத் தூரமாக மாற்றிக் கொடுப்பது காற்று. ஒளி ஒரு விநாடியில் ஏறத்தாழ 3 லட்சம் கி.மீ. செல்வதால், பத்துக் கி.மீ.க்கு அப்பால் வெட்டும் மின்னலும் வெட்டிய கணத்திலேயே நம் கண்ணை எட்டிவிடுகிறது. அதன் இடியோசை, 20 டிகிரி வெப்பமுள்ள காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் வீதம் பயணம் செய்து, 29 விநாடி கழித்தே காதை அடைகிறது. கண்டதற்கும் கேட்டதற்கும் இடைப்பட்ட இந்த நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். அந்தப் பெருக்கலை முன்கூட்டியே செய்து, விடைகளை முகப்பின் விளிம்பில் வட்டமாக அச்சிட்டு வைத்திருப்பதுதான் டெலிமீட்டர் அளவுகோல். நடுவிலுள்ள நீண்ட விநாடி முள் எந்த எண்ணில் நிற்கிறதோ, அத்தனை கி.மீ. தொலைவில் அந்த நிகழ்ச்சி நடந்திருக்கிறது.

ஆகவே கண்ணுக்கும் காதுக்கும் ஒருசேரப் புலனாகும் நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே இந்த அளவுகோல் பயன்படும். ஓசை எழுப்பாத மலையுச்சியின் தொலைவையோ, ஒளி காட்டாமல் ஊதும் கப்பலின் தொலைவையோ இதனால் அறிய முடியாது.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

ஒலியின் வேகத்தைக் கண்டுபிடிப்பதற்காகச் செய்யப்பட்ட பழைய சோதனைகளிலிருந்து வந்தது எனலாம். 17ஆம் நூற்றாண்டிலேயே மெர்சென், கசெண்டி முதலிய பிரெஞ்சு அறிஞர்கள் துப்பாக்கி வெடிக்கும் ஒளியைக் கண்டு, ஓசை வந்து சேரும்வரை நேரத்தை எண்ணிப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் வில்லியம் டெர்ஹாம் அப்மின்ஸ்டர் ஊரின் தேவாலயக் கோபுரத்தில் நின்றபடி, தூரம் தெரிந்த இடங்களில் சுடப்பட்ட துப்பாக்கிகளின் ஒளியைத் தொலைநோக்கியால் பார்த்து, ஊசலைக் கொண்டு நேரத்தைக் கணக்கிட்டு, 1709இல் தம் முடிவுகளை வெளியிட்டார். 1738இல் பாரிஸ் அறிவியல் கழகத்தார் மோன்மார்த்ர், மோன்லெரி ஆகிய இடங்களுக்கிடையே இரவில் பீரங்கிகளை வெடிக்கச் செய்து, 30 கி.மீ.க்குச் சற்றே குறைந்த அந்த இடைவெளியை ஒலி கடக்க ஆகும் நேரத்தை அளந்தார்கள்.

அவர்கள் எல்லோருக்கும் தூரம் தெரிந்திருந்தது, தெரியாதது வேகம். டெலிமீட்டர் அதே கணக்கைத் தலைகீழாகப் போடுகிறது: வேகம் தெரியும், தூரம்தான் தெரியாது. புதிதாக எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. கேள்விதான் இடம் மாறியிருக்கிறது.

எப்படிப் பயன்படுத்த வேண்டும்?

ஒளியைக் கண்டவுடன் மேல் பொத்தானை அழுத்தினால் நடு முள் புறப்படும். ஓசை கேட்டவுடன் அதே பொத்தானை மீண்டும் அழுத்தினால் முள் நின்றுவிடும். முள்ளின் நுனி டெலிமீட்டர் அளவுகோலில் காட்டும் எண்ணைப் படித்துக்கொண்டு, கீழ்ப் பொத்தானை அழுத்தினால் முள் 12 மணிக் குறிக்குத் திரும்பிவிடும். முள் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ்ப் பொத்தானை அழுத்தக் கூடாது. ஓட்டத்திலேயே பூஜ்யத்துக்குத் திரும்பி மறுபடி புறப்படும் ‘ஃபிளைபேக்’ வகைக் கடிகாரங்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

சிறிய வட்டமொன்றில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும் குட்டி முள்தான் கடிகாரத்தின் அன்றாட விநாடி முள். நடுவில் அசையாமல் நிற்கும் நீண்ட முள்ளைக் கண்டு, கடிகாரம் ஓடவில்லை என்று திருப்பிக் கொண்டுவருபவர்களும் உண்டு.

என் கடிகாரத்தின் அளவுகோல் எந்த ஒலி வேகத்தை அடிப்படையாகக் கொண்டது என்று எப்படி அறிவது?

இதை அதிகம் பேர் கேட்பதில்லை. ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஒலி வேகம் இத்தனை என்று முகப்பில் எழுதியிருக்காது. ஆனாலும் முகப்பே அதைச் சொல்லிவிடும். டெலிமீட்டரில் 10 கி.மீ. குறி, விநாடி வட்டத்தின் எந்த இடத்துக்கு நேராக இருக்கிறது என்று உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். சரியாக 30 விநாடிக்கு நேராக இருந்தால், விநாடிக்கு 333 மீட்டர் என்று கொண்டு வரைந்திருக்கிறார்கள்; அதாவது, ஒரு கி.மீ.க்கு மூன்று விநாடி என்னும் முழு எண் கணக்கு, கிட்டத்தட்ட உறைகுளிர்க் காற்றுக்கு உரியது. 29.4 விநாடிக்கு நேராக இருந்தால் 340 மீட்டர். 29.2க்கு அருகில் இருந்தால் 343 மீட்டர், அதாவது 20 டிகிரிக் காற்று.

வட்டம் முடியும் இடத்தைப் பார்த்தாலும் தெரியும். 333 மீட்டர்க் கணக்கில் 20 கி.மீ. என்பது 12 மணிக் குறிக்கு நேரே வந்து விழும். 343 மீட்டர்க் கணக்கிலோ 58 விநாடியைச் சற்றே தாண்டியதும் 20 வந்துவிடும். அதன் பின்னர்க் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். ஆக, ஒவ்வொரு டெலிமீட்டர் முகப்பும் ஏதோ ஒரு வெப்பநிலையில் உள்ள காற்றைத் தன் மேல் அச்சிட்டு வைத்திருக்கிறது. நாம் நிற்கும் இடத்தின் காற்று அதற்கு ஒத்திருந்தால் விடை சரியாக இருக்கும்.

அப்படியென்றால் எவ்வளவு பிழை வரும்?

பிழையின் பெரும்பகுதி காற்றிலிருந்தும் விரலிலிருந்தும் வருகிறது. கடிகாரத்தின் பங்கு மிகச் சிறியது. ஒரு கடிகாரம் நாளொன்றுக்குப் பத்து விநாடி வேகமாக ஓடுவதாகக் கொள்வோம். அத்தகைய கடிகாரத்தைக் கொண்டு 30 விநாடி அளந்தால், அதனால் தூரக் கணக்கில் ஏற்படும் பிழை ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். துல்லியச் சான்றிதழ் பெற்ற கடிகாரம்தான் தூரத்தைச் சரியாகக் காட்டும் என்று எண்ணிக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காற்றின் வெப்பநிலைதான் முதல் காரணம். பூஜ்ய டிகிரியில் ஒலியின் வேகம் விநாடிக்கு 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரி உயரும்போதும் சுமார் 0.6 மீட்டர் கூடுகிறது. 35 டிகிரி வெயிலில் அது 352 மீட்டரை எட்டிவிடும். 333 மீட்டர்க் கணக்கில் வரைந்த முகப்பு அந்த வெயிலில் 6 கி.மீ. என்று காட்டினால், கடந்துபோன நேரம் 18 விநாடி. உண்மையான தூரமோ 6.3 கி.மீ.க்கு மேல். அதாவது ஐந்து விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறைத்துக் காட்டுகிறது. ஈரப்பதத்தின் விளைவு பொதுவாக ஒரு விழுக்காட்டுக்குள் அடங்கும். காற்று வீசும் திசை இன்னும் முக்கியம்: ஒலி வரும் திசையிலேயே விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் காற்று வீசினால், ஓசை மூன்று விழுக்காடு விரைவாக வந்து சேரும்.

இரண்டாவது, விரல். எதிர்பாராத ஒளியைக் கண்டு பொத்தானை அழுத்த மனிதருக்குக் குறைந்தது விநாடியில் ஐந்தில் ஒரு பங்காவது பிடிக்கும். ஓசை கேட்டு அழுத்தும்போதும் இதே போன்ற தாமதம் ஏற்படுவதால், இரண்டும் ஓரளவு ஒன்றையொன்று நேர்செய்துகொள்ளும். ஆனால் முழுமையாக அல்ல. மின்னல் சொல்லிவிட்டு வருவதில்லை, இடியையோ நாம் காத்திருந்து கேட்கிறோம். மிஞ்சும் வித்தியாசம் விநாடியில் பத்தில் ஒன்றோ இரண்டோ இருக்கும். தூரத்தில் அது 35 முதல் 70 மீட்டர். பத்துக் கி.மீ. தொலைவில் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. முந்நூறு மீட்டர் தொலைவில், அளக்கும் நேரமே ஒரு விநாடிக்குள் முடிந்துவிடுவதால், விடையை நம்ப முடியாது.

எந்திரத்தின் துடிப்பு மூன்றாவதாக வருகிறது. மணிக்கு 18,000 முறை துடிக்கும் பழைய பாணி எந்திரத்தில் முள் விநாடிக்கு ஐந்து முறை தாவுகிறது; ஒரு தாவலுக்குள் ஒலி 69 மீட்டர் போய்விடும். 28,800 துடிப்பு எந்திரத்தில் விநாடிக்கு எட்டுத் தாவல். ஒவ்வொன்றும் 43 மீட்டர். பெரும்பாலான முகப்புகளில் அளவுகோல் அரை கி.மீ. அல்லது நூறு மீட்டர்ப் பிரிவுகளோடு நின்றுவிடுவதற்கு இடநெருக்கடி மட்டும் காரணம் அல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

போர்க்களத்தில் இதைப் பயன்படுத்தினார்களா?

ஆம். எதிரியின் பீரங்கி வாயில் ஒளி தெறிப்பதைக் கண்டதும் முள்ளை ஓட விட்டு, வெடியோசை கேட்டதும் நிறுத்தி, பீரங்கி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று மதிப்பிடுவதுதான் இந்த அளவுகோலின் தலையாய பயன்பாடாக இருந்தது. முதல் உலகப் போர்க் காலத்திலும் அதன் பின்னரும் வெளிவந்த குரோனோகிராஃப்களில் டெலிமீட்டர் பரவலாக இடம்பெற்றதற்கு அதுவே காரணம். கைக்கடிகாரத்துக்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டில், பெல்ஜியப் படை அதிகாரி லெ பூலாஞ்ஜே இதே நோக்கத்துக்கு ஒரு கருவி செய்திருந்தார். திரவம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்க்குள் ஓர் உலோகத் துண்டு சீரான வேகத்தில் நழுவி இறங்கும். அது கடந்த நீளத்தை அளவுகோலில் பார்த்தால் தூரம் தெரியும். எந்திரம் எதுவுமில்லாத அந்தக் குழாய்க்கு முன் நம் கடிகாரம் கொஞ்சம் ஆடம்பரமாகத்தான் தெரிகிறது.

ஆனால் களத்தில் ஒரு சிக்கல் இருந்தது. குண்டு ஒலியைவிட வேகமாகப் பறந்தால், அதனோடு சேர்ந்து ஓர் அதிர்ச்சி அலையும் வரும். சுடப்படும் திசையில் நிற்பவருக்குப் பீரங்கி வாயின் ஓசைக்கு முன்பே அந்த அலையின் வெடிப்பு கேட்டுவிடும். அதைப் பீரங்கியின் ஓசை என்று எண்ணி முள்ளை நிறுத்தினால், பீரங்கி இருப்பதைவிடக் கிட்டத்தில் இருப்பதாகக் கணக்கு வரும். பீரங்கிகளின் இருப்பிடத்தைத் திட்டமாகக் கண்டறியும் பணியை, முதல் உலகப் போரின் போக்கிலேயே, பல இடங்களில் ஒலிவாங்கிகளை வைத்து ஓசை வந்து சேரும் நேர வேறுபாடுகளைப் பதிவுசெய்யும் முறை ஏற்றுக்கொண்டது. பிரிட்டிஷ் படைக்காக அதை வளர்த்தெடுத்தவர்களில் 1915இல் நோபல் பரிசு பெற்ற லாரன்ஸ் பிராக் முதன்மையானவர். அந்த முறைக்கு ஒளியே தேவையில்லை. கைக்கடிகாரம் தனி மனிதனின் தோராயக் கணிப்புக்கான துணையாகவே இருந்தது.

டேக்கிமீட்டர், பல்சோமீட்டர் ஆகியவற்றுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

டேக்கிமீட்டர் தெரிந்த தூரத்தைக் கொண்டு வேகத்தைச் சொல்கிறது: ஒரு கி.மீ.யைக் கடக்க 45 விநாடி ஆனால், 3600ஐ 45ஆல் வகுத்து மணிக்கு 80 கி.மீ. என்று காட்டும். பல்சோமீட்டர் 15 அல்லது 30 நாடித் துடிப்புகளை எண்ணி முடிக்க ஆன நேரத்திலிருந்து நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று சொல்கிறது. இவை இரண்டிலும் வகுத்தல் இருப்பதால் பிரிவுகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருக்கும். டெலிமீட்டரில் பெருக்கல் மட்டுமே; ஆகவே பிரிவுகள் வட்டம் முழுவதும் ஒரே இடைவெளியில் அமைந்திருக்கும். பெயர் எழுதாத முகப்பிலும் எது எந்த அளவுகோல் என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

1930, 1940களின் பாணியில் செய்யப்படும் கடிகாரங்களில் டேக்கிமீட்டர் நத்தை ஓடு போல நடுவில் மூன்று சுற்றுச் சுருண்டும், டெலிமீட்டர் அதைச் சூழ்ந்து விளிம்பிலும் அமைந்திருப்பதைக் காணலாம். அழகான அமைப்புதான். ஆனால் சிறிய முகப்பில் நான்கு வட்ட எண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்போது, மின்னல் வெளிச்சத்தில் எதையும் படிக்க முடிவதில்லை. டெலிமீட்டரை நீலமோ சிவப்போ தனி நிறத்தில் அச்சிட்டிருக்கும் முகப்புகளே பயன்பாட்டுக்கு ஏற்றவை.

உள்ளே என்ன மாதிரி எந்திரம் இருக்கும்? அதனால் அளவீடு மாறுபடுமா?

குரோனோகிராஃப் என்னும் சொல்லுக்குக் காலத்தை எழுதுவது என்று பொருள். 1821இல் பாரிஸில் குதிரைப் பந்தயத்துக்காக நிக்கோலா ரியுசெக் பயன்படுத்திய கருவி உண்மையிலேயே முகப்பில் மைப்புள்ளி இட்டு எழுதியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1816இல், விநாடியின் அறுபதில் ஒரு பங்கை அளக்கும் கருவியை லூயி முவாநே முடித்திருந்தார். முள்ளை ஒரே அழுத்தத்தில் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் இதய வடிவத் தகட்டுக்கு அடோல்ஃப் நிக்கோல் 1844இல் காப்புரிமை பெற்றார். அதே வடிவம் இன்றும் எந்திரக் குரோனோகிராஃப்களில் இருக்கிறது. இரண்டு தனிப் பொத்தான்கள் 1930களில் நிலைபெற்றன.

புறப்பாடு, நிறுத்தம், திரும்புதல் ஆகியவற்றுக்கு ஆணையிடும் உறுப்பு இரண்டு வகைப்படும். கோட்டைக் கொத்தளம் போலப் பற்கள் நிமிர்ந்து நிற்கும் தூண் சக்கரம் ஒன்று. கேம் எனப்படும் மேடுபள்ள விளிம்புள்ள தட்டையான தகடு மற்றொன்று. தூண் சக்கரத்தில் பொத்தான் மென்மையாக அழுந்தும். 1974 முதல் வெளிவந்த வல்ஜூ 7750 என்னும் எந்திரம் கேம் வகையைச் சேர்ந்தது; அதன் பொத்தான் முதல் அழுத்தத்துக்குச் சற்று முரண்டு பிடிக்கும். வீனஸ் 175 என்னும் தூண் சக்கர எந்திரத்தின் கருவிகளைச் சீனத்தின் தியான்ஜின் தொழிற்சாலை வாங்கி, அங்கு உருவான எந்திரம் எஸ்டி19 என்னும் பெயரில் இன்றும் பல பழம்பாணிக் கடிகாரங்களில் ஓடுகிறது.

அளவீட்டை நேரடியாகப் பாதிப்பது, ஓடும் எந்திரத்தோடு நடு முள்ளை இணைக்கும் கிளட்ச்தான். பக்கவாட்டில் நகர்ந்து பல்லோடு பல் கோக்கும் பழைய வகையில், பற்கள் சந்திக்கும் இடத்தைப் பொறுத்து முள் புறப்படும்போது சிறிது துள்ளலாம். 1969இல் வந்த செய்கோ 6139இல் உள்ளது போன்ற செங்குத்துக் கிளட்சில் தட்டுகள் உராய்ந்து சேர்வதால் துள்ளல் இருக்காது. ஆயினும் அந்தத் துள்ளல் தரும் பிழை சில பத்து மீட்டர்களே. கண்ணாடிப் பின்மூடி வழியாகப் பற்கள் கோத்துக்கொள்ளும் காட்சியைப் பார்ப்பதற்காகவே பழைய வகையை விரும்பி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இடி மின்னல் நேரத்தில் இதை நம்பி வெளியே நிற்கலாமா?

கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால், மின்னல் 10 கி.மீ.க்குள் இருக்கிறது என்று பொருள். அப்போதே கட்டடத்துக்குள்ளோ கூரையுள்ள காருக்குள்ளோ சென்றுவிட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரவும் கூடாது. மழை மேகத்தின் மையத்திலிருந்து பத்துக் கி.மீ.க்கும் அப்பால், தெளிந்த வானம் உள்ள இடத்தில்கூட மின்னல் இறங்குவதுண்டு. முள் 8 என்று காட்டியது, அடுத்த மின்னலும் எட்டுக் கி.மீ.யில்தான் விழும் என்பதற்கு உறுதி அல்ல.

அளவீட்டிலும் சில நுட்பங்கள் உண்டு. மின்னல் ஒரு புள்ளி அன்று, பல கி.மீ. நீளமுள்ள கோணல்மாணலான பாதை. அதன் அருகிலுள்ள பகுதியின் ஓசை முதலிலும், தொலைவிலுள்ள பகுதிகளின் ஓசை பின்னரும் வந்து சேர்வதால்தான் இடி உருண்டுகொண்டே போகிறது. எனவே முதல் ஓசையிலேயே முள்ளை நிறுத்த வேண்டும். அது காட்டுவது பாதையின் மிக அருகிலுள்ள பகுதியின் தூரம். மின்னல்கள் அடுத்தடுத்து வெட்டும்போது, எந்த மின்னலுக்கு எந்த இடி என்று பிரித்தறிய முடியாமல் போகலாம். அப்போது அளப்பதை விட்டுவிடுவதே நல்லது. வீட்டுக்குள் சன்னலுக்கு உட்புறம் இருந்து ஐந்தாறு மின்னல்களை அளந்து வரிசையாகக் குறித்துவைத்தால், மழை நெருங்குகிறதா விலகுகிறதா என்பது தெளிவாகத் தெரியும். இந்தக் கடிகாரம் மனநிறைவு தருவது அந்த வேலையில்தான்.

20 கி.மீ.க்கு மேல் அளக்க முடியாதா?

முள் ஒரு சுற்று முடித்த பிறகு, நிமிடம் காட்டும் சிறு வட்டத்தைப் பார்த்து ஒரு சுற்றின் தூரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் தேவைப்படாது. தரையருகே காற்று வெப்பமாகவும் மேலே குளிர்ச்சியாகவும் இருக்கும்போது ஒலி மேல்நோக்கி வளைந்துவிடுவதால், 20 கி.மீ.க்கு அப்பால் இடிப்பது பெரும்பாலும் கேட்காது.

இடியைத் தவிர வேறு எதை அளக்கலாம்?

வாணவேடிக்கை மிகவும் ஏற்றது. ஒளியும் ஓசையும் ஒரே புள்ளியில் பிறப்பதால் மின்னலைவிடத் தெளிவான விடை கிடைக்கும். வானில் உயரத்தில் வெடிப்பதால், முள் காட்டுவது சாய்வான நேர்த்தூரமே, தரைமீதான தூரம் அன்று. பாறை உடைக்கும் வெடிகளையும் பாதுகாப்பான தொலைவிலிருந்து அளக்கலாம். ஓட்டப் பந்தயத்தில் கைக்கடிகாரத்தால் நேரம் எடுப்பவர்கள் துப்பாக்கியின் ஓசைக்குக் காத்திராமல் புகையையோ ஒளியையோ கண்டு முள்ளைத் தொடங்குவதும் இதே தத்துவத்தால்தான்: 100 மீட்டருக்கு அப்பால் இருப்பவருக்கு ஓசை 0.29 விநாடி தாமதமாக வரும்.

குரோனோகிராஃபை எப்போதும் ஓட விடலாமா?

செங்குத்துக் கிளட்ச் உள்ளவற்றில் பெரிதாகக் கெடுதல் இல்லை. பழைய வகையில், கூடுதல் சக்கரங்களைச் சுற்ற வேண்டியிருப்பதால் கடிகாரத்தின் துடிப்பைத் தரும் சமநிலைச் சக்கரம் ஆடும் வீச்சு குறைந்து, நேரமும் சற்றுத் தவறும். வேலை முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். தண்ணீருக்குள் பொத்தான்களை அழுத்த வேண்டாம். காந்தம் உள்ள பைமூடி, ஒலிபெருக்கி ஆகியவற்றின் மேல் கடிகாரத்தை வைக்கவும் வேண்டாம்.

பழைய கடிகாரத்தையே வாங்குவது மேலா, பழைய பாணியில் செய்த புதியதை வாங்குவது மேலா?

தினமும் கட்டுவதற்குப் புதியதே மேல். லாஞ்ஜின், யுங்கான்ஸ், டிஸ்ஸோ போன்ற நிறுவனங்கள் தங்கள் பழைய முகப்புகளைத் தழுவி டெலிமீட்டர் கடிகாரங்களை மீண்டும் செய்திருக்கின்றன. உதிரிபாகம் கிடைக்கும், தண்ணீரும் ஓரளவு புகாது. மறுபதிப்புகளில் எண்களின் மேல் பூசப்படும் பழுப்பு நிற ஒளிப்பூச்சு, மூப்பை நடித்துக் காட்டுவதாகவே எனக்குப் படுகிறது. வெள்ளைப் பூச்சு இருட்டில் நன்றாகத் தெரியும்.

உண்மையான பழைய கடிகாரத்தை வாங்குவதானால், முள்ளைப் பத்து முறையாவது ஓடவிட்டுத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அது 12 மணிக் குறியின் மேல் சரியாக வந்து நிற்க வேண்டும். அரை விநாடி தள்ளி நின்றால், அளக்கும் ஒவ்வொரு தூரத்திலும் 170 மீட்டர் பிழை நிரந்தரமாகச் சேர்ந்துவிடும். அளவுகோல் கி.மீ.யிலா மைலிலா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஒரு சுற்றில் எண்கள் 20 வரை போனால் கி.மீ., 12ஐத் தாண்டியதும் முடிந்தால் மைல். 1960களுக்கு முந்தைய ஒளிரும் எண்களிலும் முட்களிலும் ரேடியம் இருக்க வாய்ப்புண்டு. ரேடியம்-226இன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள் என்பதால், பூச்சு ஒளிர்வதை நிறுத்திவிட்டாலும் கதிர்வீச்சு குறைந்திருக்காது. அத்தகைய கடிகாரத்தின் மூடியை வீட்டில் திறக்காதீர்கள். உதிரும் தூளை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. ரேடியம் முகப்புகளைக் கையாண்டு பழகிய பழுதுபார்ப்பவரிடமே கொடுங்கள்.